நீலப்பனியில் விட்ட பெட்டி

மற்ற வீடுகளில் சமையலறைக் கதவுக்குப் பின்னால் துடைக்கிற துணி தொங்கும், இல்லாவிட்டால் போன வருடக் காலண்டர் தொங்கும். இந்த வீட்டில் தென்துருவப் பனிக்கண்டத்தின் ஒரு மூலை தொங்கியது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, ஓரங்கள் சுருண்டுபோன வரைபடம். மலை என்று சொல்ல அதில் ஒரு கறுப்புக் கீற்று, அடியில் கோடு கோடாகக் கொஞ்சம் இடம், மற்றபடி எல்லாம் வெள்ளை. வெள்ளைக்கு நடுவே சிவப்புத் தலை வைத்த ஒரு குண்டூசி. ஒவ்வொரு வருடமும் புதுக் காலண்டர் வந்த கையோடு வீட்டுக்காரர் அந்தக் குண்டூசியைப் பிடுங்கி, நகத்தின் அகலம்கூட இல்லாத தூரம் கீழே தள்ளிக் குத்துவார். குத்திவிட்டு, தன் வண்டியில் நடத்துநர் கத்துவதைப் போலவே கத்துவார்.

"பெட்டி அடுத்த ஸ்டாப்பிங் வந்தாச்சு! இறங்குறவங்கல்லாம் இறங்கலாம்!"

அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். காலையில் பணிமனையில் எடுத்த வண்டியை மாலையில் அதே பணிமனையில் விடுவார். நடுவில் எத்தனை சுற்று சுற்றினாலும் ஊர் எல்லையைத் தாண்டாத வண்டி அது. அவர் மனைவியோ காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள். பூமியின் அடிப்பக்கத்துக்குப் போய்க் கல்லை உடைத்து மூட்டை கட்டிக்கொண்டு வருகிற நிலவியலாளர். இந்த இருவருக்கும் கல்யாணம் என்று கேள்விப்பட்டுச் சிரிக்காத சொந்தக்காரர் இல்லை. "கல்லு பொறுக்க அவ்வளவு தூரமா? நம்ம வாசல்லயே கொட்டிக் கிடக்குதே!" என்று நாத்தனார் ஆரம்பித்தது இன்றுவரை ஓயவில்லை.

அலுவலகத்தில் அவளுக்குப் பனிக்கரடி என்று பெயர். அவள் போகிற முனையில் கரடியே கிடையாது. கரடி இருப்பது எதிர்முனையில். முதல் சில வருடங்கள் அதை எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். அப்படியானால் பென்குயின் என்று மாற்றிவிடலாம் என்று யாரோ சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

குண்டூசி குத்தியிருந்த இடத்தில் இருப்பது ஒரு மரப்பெட்டி. உள்ளே துணிப்பைகளில் கட்டிய கற்கள். அதை அங்கே விட்டுவிட்டு வந்தபோது அவளுக்கு ஒரு முடிகூட நரைத்திருக்கவில்லை.

அது அவளுடைய இரண்டாவது பயணம். முதல் பயணத்திலேயே அவள் பேர் வாங்கிவிட்டாள், ஆனால் அறிவுக்காக இல்லை. நிலவியலாளர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. உடைத்த கல்லை நாக்கால் ஒரு தடவு தடவிப் பார்ப்பார்கள். ஈரம் பட்டால் கல்லுக்குள் இருக்கும் மணிகளின் நிறம் பளிச்சென்று தெரியும். வீட்டில் செய்தால் மாமியார் முகம் சுளிப்பார், அவ்வளவுதான். அந்தக் குளிரில் செய்தால் நாக்கு கல்லோடு ஒட்டிக்கொள்ளும். அவளுக்கு ஒட்டிக்கொண்டது. முகாம் சமையல்காரர் வெதுவெதுப்பான தேநீரை ஊற்றி ஊற்றிப் பிரித்தெடுத்தார். நாக்கு ஆறும்வரை அவள் பேசியது ஒருத்தருக்கும் விளங்கவில்லை. அந்த நாட்களில்தான் முகாம் நிம்மதியாக இருந்தது என்று பின்னால் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

இரண்டாம் பயணத்தில் அவளையும் துணைக்கு ஒரு மலையேறியையும் ஹெலிகாப்டர் அந்தக் கறுப்பு மலையடியில் இறக்கிவிட்டுப் போனது. மலை என்றால் முழு மலை இல்லை. உடம்பெல்லாம் பனிக்குள் புதைந்து, தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சூரியன் மறையாமல் வானத்தை வட்டமிட்டுக்கொண்டே இருந்தது. கூடாரத்துக்குள் விட்ட மூச்சு மேலே உறைந்து, கண் விழித்ததும் முகத்தில் உதிர்ந்தது. ஸ்டவ்வில் பனியை உருக்கினால்தான் குடிக்கத் தண்ணீர். ஆண்கள் அளவு பூட்ஸில் சாக்ஸைத் திணித்துத் திணித்து நடந்தாள். வாசனை என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. மண் வாசனை, இலை வாசனை, அழுகல் வாசனை எதுவும் கிடையாது. இருந்ததெல்லாம் காற்று. கண்டத்தின் உட்பகுதியிலிருந்து சரிந்து இறங்கி, மலை முகட்டில் பட்டு, நாள் முழுக்க ஒரே சுருதியில் இழுத்துக்கொண்டிருக்கும் காற்று. மலையேறிக்கு அது தலைவலி. அவளுக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போயிற்று என்று சொல்வதுகூடக் கஞ்சத்தனம். மனசை அங்கேயே போட்டுவிட்டாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் முகட்டில் ஒரு பலகைக்கல்லைப் பிளந்தாள். உள்ளே, கரியால் வரைந்ததைப் போல ஓர் இலை. விரல் நீளம்தான் இருக்கும். நடுவில் ஒரு நரம்பு, இரண்டு பக்கமும் கிளை நரம்புகள். பனிக்கண்டத்தின் வேறு மலைகளில் இப்படி இலைகள் கிடைத்ததுண்டு. ஆனால் இந்த மலை, பூமியில் மரமே முளைக்காத காலத்துக் கல் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். இதில் இலை இருந்தால் மலையின் வயதையே திருத்தி எழுதவேண்டும். அவள் கத்திய கத்தலில் மலையேறி கயிற்றோடு ஓடிவந்தான், அவள் பள்ளத்தில் விழுந்துவிட்டாள் என்று நினைத்து. படம் எடுக்கலாம் என்று கேமராவை இழுத்தால், குளிரில் விறைத்த ஃபிலிம் உள்ளேயே முறிந்துவிட்டது.

கல்லைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். பெட்டியை எங்கே வைப்பது? சற்று மேலே பாறைத்திட்டு இருந்தது. கீழே நீலப்பனி, காற்று பனித்தூளையெல்லாம் பெருக்கித் தள்ளிவிட்டு, கண்ணாடிபோல் இறுகிப்போன தரை. கால் வலி. பசி.

"இங்கயே வெச்சிடலாம். பைலட்டுக்கு ஏத்த வசதியா இருக்கும்" என்றாள்.

வானிலை கெட்டுக்கொண்டு வந்தது. ஹெலிகாப்டர் அவசர அவசரமாக இறங்கியது. பைலட் எஞ்சினை நிறுத்தவே இல்லை.

"ஆளுங்க மட்டும் ஏறுங்க! கல்லு எங்க ஓடிடப் போகுது? அடுத்த ட்ரிப்ல எடுத்துக்கலாம்!"

அடுத்த ட்ரிப் வரவில்லை. புயல் பிடித்துக்கொண்டது, கப்பல் கிளம்பிவிட்டது, அடுத்த வருடம் முகாமையே கண்டத்தின் வேறு பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

கல் ஓடாது என்பது சரிதான். ஆனால் பனி ஓடும். ஆறு மாதிரியே அது கடலைப் பார்த்து இறங்கிக்கொண்டே இருக்கும், ஆமை பார்த்தால் கேலி பண்ணுகிற வேகத்தில். இது பள்ளிக்கூடப் பாடம், அவளுக்குத் தெரியாததா? தெரியும். ஆனாலும் பாறையைப் படித்தவர்களுக்கு, காலுக்குக் கீழே இருப்பதெல்லாம் தரை என்ற நினைப்பு ஊறிப்போய்விடுகிறது. பனியைப் படித்தவன் எவனும் பெட்டியை அங்கே வைத்திருக்கமாட்டான். பாறைக்காரி வைத்தாள். பெட்டி அன்றைக்குக் கிளம்பியதுதான், இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

ஊர் திரும்பித் துறைக் கூட்டத்தில் இலையைப் பற்றிச் சொன்னாள். அவள் வயதுச் சகா ஒருவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்.

"மேடம், நடுநரம்பு பாத்தீங்களா? இல்ல மாங்கனீசா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நிலவியல் படித்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. கல்லின் வெடிப்புக்குள் தண்ணீர் கசிந்தால், அதிலிருக்கும் மாங்கனீசு கிளைகிளையாகப் படிந்து கறுப்புக் கறையாகிவிடும். பார்த்தால் அசல் செடி. முதல் வருட மாணவர்களை ஏமாற்றுவதற்கென்றே ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு கல் வைத்திருப்பார்கள். கறைக்கு எல்லாம் உண்டு, நடுநரம்பு மட்டும் இருக்காது.

"பாத்தேன் சார்" என்றாள்.

"கல்லு?"

"பெட்டியில இருக்கு."

"பெட்டி?"

மறுபடி சிரிப்பு. அவள் முகத்தில் ஈயாடவில்லை. அன்று மாலை வீட்டுக்கு வந்து பொரிந்து தள்ளினாள். வீட்டுக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்த சகாவுக்குக் கறைக்காரர் என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் இந்த வீட்டில் நிலைத்துவிட்டது. பெட்டிக்காக ஒரு விமானம் அனுப்புங்கள் என்று அவள் கேட்டபோதெல்லாம், ஒரு கறைக்காகவா என்று மேலிடத்தில் சிரித்தார்கள். அவளுடைய இலைக்குக் கறை என்ற பெயரும் அங்கே நிலைத்துவிட்டது.

அதற்காக அவள் சும்மா இருக்கவில்லை. மற்ற பக்கங்களுக்குப் பருவம் தவறாமல் போனாள். வேறு மலைகள், வேறு பனியாறுகள், நிறையக் கட்டுரைகள், இரண்டு பதக்கங்கள். அம்மா எங்கே வேலை பார்க்கிறாள் என்று டீச்சர் கேட்டதற்கு அவள் மகள் "ஃப்ரிட்ஜுக்குள்ள" என்று சொன்னாள். அங்கே இருக்கும்போது மகளின் தலைமுடி வாசனைக்கு ஏங்குவாள். இங்கே வந்து மகளை மடியில் வைத்துக்கொண்டால், வாசனையே இல்லாத அந்த வெளிக்கு ஏங்குவாள். எங்கே இருந்தாலும் பாதி ஆள்தான் இருந்தாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே வீட்டுக்காரருக்குத் தெரியும். இல்லாவிட்டால் எந்த மனுஷன் வருடம் தவறாமல் குண்டூசியை நகர்த்துவான்?

வயது ஏற ஏற ஒரு பயமும் ஏறியது. அந்த நடுநரம்பை நிஜமாகவே பார்த்தோமா, பார்க்கவேண்டும் என்கிற ஆசையில் நாமே வரைந்துகொண்டோமா? கண்ணை மூடினால் நரம்பு தெரிகிறது. ஆனால் இத்தனை வருடம் நினைத்து நினைத்து, அதன்மேல் எத்தனை தடவை பேனாவை ஓட்டியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

ஓய்வு பெறுவதற்கு ஒரே ஒரு பருவம் பாக்கி இருந்தபோதுதான் அது வந்தது. பனியின் வேகத்தை அளக்க அந்தப் பக்கம் ஒரு குழு போகிறது. தலைமை, கறைக்காரர். அவரே அவள் அறைக்கு வந்து, வாசலில் நின்றபடி, ஓர் இடம் இருக்கிறது என்றார். அவர் தலைமையிலா என்று எரிச்சல் வந்தது. ஆசை அந்த எரிச்சலைத் தூக்கி விழுங்கிவிட்டது. வேறு வழியும் இல்லை. வரைபடத்தில் குண்டூசிக்குக் கீழே கோடு கோடாக வரைந்திருந்த இடம், பனி உடைந்து பாளம் பாளமாகப் பிளந்து கிடக்கிற சரிவு. பெட்டி அதன் வாசலுக்கே வந்துவிட்டது. இந்தப் பருவம் எடுத்தால் உண்டு. விட்டால் பிளவு விழுங்கிவிடும், அப்புறம் கடல்தான்.

புது பூட்ஸ் வந்தது, அவள் கால் அளவுக்கே. வீட்டுக்குள் போட்டு நடந்து பழகினாள். நாத்தனார் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

மருத்துவப் பரிசோதனையில் ட்ரெட்மில்லில் ஏற்றி நடக்கவிட்டார்கள். மருத்துவருக்கு அவளுடைய மகள் வயதுதான் இருக்கும். காகிதத்தைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், மறுபடி காகிதத்தைப் பார்த்தாள்.

"மேடம், ஹார்ட் தப்பித் தப்பி அடிக்குது. மாத்திரை போட்டுக்கிட்டா இங்க நல்லாவே இருப்பீங்க. அங்க அனுப்ப முடியாது."

"இந்த ஹார்ட்டோடதானேம்மா இத்தனை வருஷம் போயிட்டு வந்தேன்?"

"இனிமே முடியாது மேடம். அங்க ஏதாவது ஆச்சுன்னா, உங்களைத் தூக்கிட்டு வர வர்றவங்க உயிரும் சேர்ந்துதான் போகும்."

பனியில் ஒருவர் விழுந்தால் என்ன ஆகும் என்று அந்தப் பெண்ணைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

வெளியே பெஞ்சில் வீட்டுக்காரர் காக்கிச் சட்டையோடு காத்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் எழுந்தார். இருவரும் பேருந்து ஏறினார்கள். வேறு ஓட்டுநர் ஓட்டிய வண்டி. பிரேக் பிடிக்கிற லட்சணத்தைப் பற்றி வழக்கமாக முணுமுணுப்பவர் அன்று வாயே திறக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்.

"அழுதுடு."

"பஸ்லயா?"

"என் வண்டியில தினம் யாராவது அழுதுக்கிட்டுத்தான் வர்றாங்க. எவனும் திரும்பிப் பாக்கமாட்டான்."

அவள் அழுதாள். எவனும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு வாரம் வீம்பாக இருந்தாள். பிறகு கறைக்காரரின் அறைக்குப் போனாள். அவர் தரையில் உட்கார்ந்து கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் இதுதான் கடைசிப் பயணம்; தலையில் இருந்த முடியெல்லாம் எப்போது போயிற்று என்று அன்றைக்குத்தான் கவனித்தாள். நின்றபடியே பெட்டி இருக்கவேண்டிய இடத்தைச் சொன்னாள். அவர் குறித்துக்கொண்டார்.

"கிடைச்சா திறந்து பாக்கட்டுமா மேடம்?"

அந்தக் கல்லை அவளுக்கு அப்புறம் பார்க்கப்போகிற முதல் கண் இந்த மனுஷனுடையதா?

"திறக்கிறதுக்கு முன்னாடி கூப்பிடுங்க. நான் லைன்ல இருக்கணும். கறையா இருந்தாலும் சொல்லிடுங்க."

"சொல்றேன். சிரிக்கமாட்டேன்."

"அன்னிக்கு சிரிச்சீங்களே."

அவர் கயிற்றை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். "கூட்டம் சிரிச்சுது மேடம். நான் சிரிக்கலை. நிஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன். அந்த மலைக்குப் போகணும்னு நானும்தான் மனு போட்டிருந்தேன். உங்களுக்குக் கிடைச்சுது."

அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருடம் திட்டித் தீர்த்தது ஒரு பொறாமைக்கார மனுஷனைத்தான், கெட்ட மனுஷனை இல்லை. பொறாமை என்றால் என்ன என்று இந்த ஒரு வாரத்தில் அவளும் தெரிந்துகொண்டிருந்தாள். அவர் கப்பலேறும் நாளை நினைத்தாலே வயிறு எரிந்தது.

கப்பல் போனது. அவள் ஓய்வு பெற்றாள், மாலை போட்டார்கள், பனிக்கரடி பொம்மை ஒன்று கொடுத்தார்கள். வீட்டில் உட்கார்ந்தால் கை பரபரத்தது. பொழுது போகாமல் வீட்டுக்காரரின் வண்டியில் முன் இருக்கையில் உட்கார்ந்து சுற்று சுற்றாக வந்தாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் எப்போது கிளம்பும் என்று கேட்டு நடத்துநரின் உயிரை வாங்கினாள்.

ஒரு காலைப்பொழுது, வீட்டுக்காரருக்கு விடுமுறை. அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார், அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. திரையில் நீளமான ஓர் எண்.

"மேடம், கேக்குதா?"

குரல் போய்ச் சேரவும் பதில் வந்து சேரவும் ஒரு மூச்சு விடுகிற நேரம் பிடித்தது.

"கேக்குது சார்."

"பெட்டி பக்கத்துலதான் நிக்கிறேன். நீங்க சொன்ன இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி. மூடி கெட்டியா இருக்கு. ஆட்டினா உள்ள கல்லு சத்தம் கேக்குது. உளி கையில இருக்கு. பேட்டரி கொஞ்சம்தான் இருக்கு, சீக்கிரம் சொல்லுங்க. திறக்கட்டுமா?"

வீட்டுக்காரர் குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு அவள் எதிரில் வந்து நின்றார். அவள் வாயைத் திறந்தாள். திறங்க என்று சொல்லத்தான் திறந்தாள். அப்போது போனில் கறைக்காரரின் குரலுக்குப் பின்னால் அது கேட்டது.

"சார், அது காத்தா?"

ஒரு மூச்சு நேரம்.

"ஆமா மேடம். மேல இருந்து இறங்குது. எப்பவும்போல."

"மலை தெரியுதா?"

"தெரியுது. எனக்கு நேர் பின்னாடி. முகட்டுல மட்டும் கொஞ்சம் வெயில்."

"கீழ பனி எப்படி இருக்கு? கிண்ணம் கிண்ணமா குழிஞ்சிருக்குமே?"

"அப்படியேதான் இருக்கு. உள்ள காத்துக்குமிழி தெரியுது. நடந்தா பூட்ஸு கீச்சு கீச்சுங்குது."

"ஏதாவது வாசனை வருதா?"

"ஒண்ணும் இல்ல மேடம்" என்றார். அந்த ஒண்ணும் இல்லையைக் கேட்டதும் அவள் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள். பிறகு, "இருங்க" என்றார்.

போனை அவர் வாயிலிருந்து எடுத்து மலையைப் பார்த்துப் பிடித்திருக்கவேண்டும். காற்று நெருங்கி வந்து, அவள் காது முழுக்க நிறைந்தது. அதே சுருதி. ஒரு பொட்டுகூட மாறவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். காலுக்குக் கீழே சமையலறைத் தரை மெதுவாகக் கடலை நோக்கி நகர்வதுபோல் இருந்தது. அவர் போனைத் திரும்ப வாய்க்குக் கொண்டுபோகவில்லை, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. பிறகு லைன் அறுந்தது.

"என்னாச்சு?" வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. "இலையா, கறையா?"

அவள் கண்ணைத் திறந்தாள். அவர் கேட்டது என்னவென்று விளங்கவே சற்று நேரம் ஆயிற்று.

"கேக்கலைங்க."

"கேக்கலையா? குத்திக் குத்திக் கதவே சல்லடையாப் போச்சு! இதுக்காகத்தானே இத்தனை வருஷம்..."

"மறந்துட்டேன்."

மறந்துதான் போனாள். பெட்டி கப்பலேறி வரும். யாராவது திறப்பார்கள், இலையாக இருக்கும், இல்லாவிட்டால் கறையாக இருக்கும். அவள் ஏங்கியது அதற்காக இல்லை என்பது இப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. பெட்டி ஒரு சாக்கு. அங்கே திரும்பிப் போவதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, அதை அவளே பனியில் வைத்துவிட்டு வந்திருந்தாள். இனி அவள் அங்கே போகப்போவதே இல்லை.

வீட்டுக்காரர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"திரும்பக் கூப்பிடச் சொல்லிப் பாக்கலாமா?"

அவள் வேண்டாமென்று தலையசைத்தாள். போன் இன்னும் காதில்தான் இருந்தது.

"கொஞ்ச நேரம் பேசாம இருங்க. இன்னும் கேக்குது."